தம்பி எழுதிய 1005

பௌர்ணமி இரவில் திருவண்ணாமலையில் சாலை தெரியாது, தலைகள்தான் தெரியும். பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலைக்கு வந்து சேர்வதற்குள் பாதி வழி தாண்டியிருக்கும், கால் கெஞ்ச ஆரம்பித்திருக்கும். மலைக்குப் பின்பக்கம் இருக்கும் இந்தச் சிற்றூரில் ஆதி அருணாசலேசுவரர் கோயிலைக் கும்பிட்டுவிட்டு, ஓரமாக ஒரு கல்லைப் பார்த்து உட்கார்ந்தேன். எதிரே ஓர் ஆயா சாக்கை விரித்துச் சுண்டல் விற்றுக்கொண்டிருந்தார். பக்கத்தில் இரண்டு பேரப்பிள்ளைகள். அக்கா ஐந்தாம் வகுப்பு இருக்கும். தம்பி இரண்டாம் வகுப்பு.

ஏழு பேர் கொண்ட ஒரு கூட்டம் வந்தது. ஆளுக்கொரு பொட்டலம். பொட்டலம் பதினைந்து ரூபாய். இருநூறு ரூபாய்த் தாளை நீட்டினார்கள். அக்கா விரலைக்கூட மடக்கவில்லை. "ரெண்டு முப்பது, நாலு அறுபது, ஆறு தொண்ணூறு, ஏழு நூத்தஞ்சு. மீதி தொண்ணூத்தஞ்சு" என்று சொல்லிக்கொண்டே சில்லறையை எண்ணிக் கொடுத்துவிட்டாள். "கணக்க எழுதுடா கண்ணு" என்றார் ஆயா. தம்பி நோட்டை மடியில் வைத்து, நாக்கைத் துருத்திக்கொண்டு எழுதினான்: 1005.

எட்டிப் பார்த்த அக்கா அவன் தலையில் ஒன்று வைத்தாள். "டேய், இது ஆயிரத்தஞ்சுடா!"

பையன் அசரவில்லை. "நூறு எழுதினேன். பக்கத்துல அஞ்சு எழுதினேன். நூத்தஞ்சுதானே?"

சிரித்துக்கொண்டே எழுந்து நடந்தேன். ஆனால் ஈசானிய லிங்கம் வரைக்கும் அந்தக் கேள்வி கூடவே வந்தது. அவன் செய்ததில் தவறு எங்கே இருக்கிறது?

௱-வும் ௫-உம்

இந்தப் பிழையைப் பல நாட்டு ஆய்வாளர்கள் பல மொழிப் பிள்ளைகளிடம் பார்த்திருக்கிறார்கள். எண்களை எழுதப் பழகும் வயதில் குழந்தை காதில் விழுந்ததை அப்படியே தாளில் இறக்குகிறது. 'நூறு' என்று கேட்டதும் 100. 'ஐந்து' என்று கேட்டதும் 5. இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால் 1005. கவனக்குறைவு என்று இதைத் தள்ளிவிட முடியாது. காதுக்கு நேர்மையாக இருந்ததால் வந்த பிழை இது.

நம் முன்னோர் எண்ணை எழுதியதும் ஏறக்குறைய இப்படித்தான். தமிழ் எண்களில் ஒன்று முதல் ஒன்பது வரை மட்டுமின்றி, பத்துக்கு ௰, நூற்றுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்று தனிக் குறிகள் உண்டு. இரண்டாயிரத்து முந்நூற்று நாற்பத்தைந்தை ௨௲௩௱௪௰௫ என்று எழுதினார்கள். வாயால் சொல்லும் வரிசையே எழுத்தின் வரிசை. நூற்றைந்து என்றால் ௱௫. நூறு, பக்கத்தில் ஐந்து. பூச்சியத்துக்கு அங்கே வேலையே இல்லை.

அந்தப் பையனை முந்நூறு ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு திண்ணையில் உட்கார வைத்திருந்தால் அவனுடைய முறைக்கு ஆசான் தலையசைத்திருப்பார். அவனுக்கு வாய்த்ததோ இடமதிப்பு முறை. இதில் 1 என்ற எழுத்து தான் நிற்கும் இடத்தைப் பொறுத்து ஒன்றாகும், பத்தாகும், நூறாகும். காலி இடத்தைக் காவல் காக்கப் பூச்சியம் வேண்டும். மனிதகுலம் கண்டுபிடித்த மிகச் சிக்கனமான எழுத்துமுறை இதுதான். பத்தே குறிகளில் எந்த எண்ணையும் எழுதிவிடலாம். ஆனால் காது கேட்பது ஒன்று, கை எழுதுவது இன்னொன்று என்ற பிளவை முதன்முதலாக உண்டாக்குவதும் இதுவே. அந்தப் பிளவைக் குழந்தை எப்படித் தாண்டுகிறது என்பதில்தான், கணக்குக் கற்பிப்பதில் 'பழைய முறை நல்லதா, புதிய முறை நல்லதா' என்ற ஓயாத சண்டையின் முடிச்சு இருக்கிறது.

தாண்டுவதற்கு நம் மொழி கொஞ்சம் கைகொடுக்கவும் செய்கிறது. பதினொன்று என்ற சொல்லுக்குள்ளேயே பத்தும் ஒன்றும் இருக்கின்றன. ஆங்கிலத்தில் பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் உள்ள பெயர்களில் பத்து கண்ணுக்குத் தெரிவதில்லை. இந்தியில் நூறு வரைக்கும் பெயர்களை ஏறக்குறைய ஒவ்வொன்றாக மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கிறது. சீன மொழியோ 'பத்து ஒன்று', 'பத்து இரண்டு' என்று பளிச்சென்று சொல்லிவிடும். பத்தைத் தாண்டி எண்ணும்போது சீனக் குழந்தைகள் அமெரிக்கக் குழந்தைகளைவிடக் குறைவாகத் தடுமாறுகிறார்கள் என்று 1990களில் வந்த ஆய்வுகள் காட்டின.

தமிழிலும் ஒரு வழுக்குப் பாறை உண்டு. எண்பது வரை ஒழுங்காக வந்த வரிசை திடீரென்று 'தொண்ணூறு' என்கிறது. நூறே வரவில்லை, அதற்குள் 'நூறு' என்ற ஒலி எப்படி வந்தது? எண்ணூறுக்குப் பிறகு ஆயிரம் வருமுன்பே 'தொள்ளாயிரம்'. பழந்தமிழில் ஒன்பதுக்குத் தொண்டு என்றொரு பெயர் இருந்தது. ஒன்பதும் பத்தும் சேர்ந்தால் தொண்ணூறு, ஒன்பதும் நூறும் சேர்ந்தால் தொள்ளாயிரம் என்று தொல்காப்பியமே புணர்ச்சி விதி சொல்கிறது. ஈராயிரம் ஆண்டுப் பழைய வழுக்கல் இது. இன்றைக்கும் முதல் வகுப்புப் பிள்ளை எண்பத்தொன்பதைச் சொல்லிவிட்டு ஒரு கணம் ஆசிரியரின் முகத்தைப் பார்ப்பது இதனால்தான்.

முந்திரியில் தொடங்கும் உலகம்

திண்ணைப் பள்ளிக்கூடம் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது ஓலைச்சுவடி, பிரம்பு, கூட்டமாகக் கத்தும் பிள்ளைகள். அங்கே என்ன கணக்குச் சொல்லிக்கொடுத்தார்கள் என்று பார்த்தால் கொஞ்சம் வாயடைத்துப் போகும்.

பிள்ளைகள் படித்த முக்கியமான கணக்குச் சுவடிகள் மூன்று. எண்களுக்குப் பொன்னிலக்கம், முகத்தல் அளவைக்கு நெல்லிலக்கம், பெருக்கலுக்கு எண்சுவடி. பொன்னிலக்கம் ஒன்றிலிருந்து தொடங்காது, முந்திரியிலிருந்து தொடங்கும். முந்திரி என்றால் 1/320. இரண்டு முந்திரி சேர்ந்தால் அரைக்காணி, 1/160. இரண்டு அரைக்காணி ஒரு காணி, 1/80. நான்கு காணி ஒரு மா, 1/20. அப்படியே அரைக்கால், கால், அரை, முக்கால் என்று ஏறித்தான் ஒன்றுக்கு வர வேண்டும். இன்று பின்னம் என்றாலே பிள்ளைகள் முகம் சுளிக்கிறார்கள். அன்று பின்னத்தின் தோளில் ஏறித்தான் முழு எண்ணையே தொட்டார்கள்.

ஏன் 320? மாவுக்கு 16 முந்திரி. பதினாறில் ஒரு பங்குக்கு 20 முந்திரி. காலுக்கு 80, அரைக்காலுக்கு 40. நான்கால் வகுத்தாலும், ஐந்தால் வகுத்தாலும், எட்டால், பத்தால், பதினாறால், இருபதால் வகுத்தாலும் மிச்சமில்லாமல் வரும். பின்னங்களின் கூட்டல் முழுவதும் முந்திரிகளை எண்ணும் வேலையாக ஆகிவிடுகிறது. ஆனால் மூன்றால் வகுபடாது. அந்த ஏற்பாட்டின் ஓட்டை அது.

பதினாறில் ஒரு பங்குக்குத் தமிழ்ப் பெயர் மாகாணி. அந்தப் பெயரைப் பிரித்துப் பாருங்கள்: மா, காணி. மா 1/20. காணி 1/80. இரண்டையும் கூட்டுங்கள். 4/80உம் 1/80உம் சேர்ந்து 5/80, அதாவது 1/16. பெயரே ஒரு கூட்டல் கணக்கு! ஆறாம் வகுப்பு மாணவன் மீச்சிறு பொது மடங்கு கண்டுபிடித்து, பகுதியைச் சமமாக்கி, தொகுதிகளைக் கூட்டி, சுருக்கி வந்து சேரும் விடையை, திண்ணைப் பையன் ஒரு சொல்லாக நாக்கில் வைத்திருந்தான்.

நெல்லிலக்கத்தில் இன்னொரு வேடிக்கை. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு நாழி. எட்டு நாழி ஒரு குறுணி. இரண்டு குறுணி ஒரு பதக்கு. இரண்டு பதக்கு ஒரு தூணி. பெருக்கிப் பார்த்தால் ஒரு தூணிக்கு 256 ஆழாக்கு. கணினியின் ஒரு பைட்டில் அடங்கும் வேறுபாடுகளின் எண்ணிக்கையும் 256தான். காரணம் எளிது. இரண்டும் இரண்டிரண்டாக மடங்கி வளர்ந்தவை. தராசும் எண்பலகையும் இல்லாத களத்துமேட்டில் ஒரு குவியலைப் பாதியாக்குவதும், அதில் பாதியாக்குவதும்தான் யாருக்கும் கைவரும் வகுத்தல். அங்கே ஏமாற்றுவதும் கடினம்.

எண்சுவடி வாய்ப்பாட்டுப் புத்தகம். முழு எண்களுக்கு மட்டுமின்றிப் பின்னங்களுக்கும் அதில் வாய்ப்பாடு உண்டு. ஒவ்வொரு வாய்ப்பாட்டின் முடிவிலும் விடைகளின் மொத்தத்தைச் சொல்லும் வழக்கம் இருந்தது. ஏழாம் வாய்ப்பாட்டை ஒன்றிலிருந்து பத்து வரை எடுத்துக்கொள்ளுங்கள்: 7, 14, 21 என்று தொடங்கி 70 வரை. மொத்தம் கூட்டினால் 385. நடுவில் ஒரு விடை பிசகினாலும் மொத்தம் இடிக்கும். வங்கிக் கணக்கு எண்ணிலும் பார்கோடிலும் பிழை கண்டுபிடிக்க இன்று வைக்கும் சரிபார்ப்பு இலக்கத்தின் தத்துவம் இதுவேதான்.

இந்தச் சுவடிகளை ஆராய்ந்தவர் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த வரலாற்றாளர் செந்தில் பாபு. திண்ணைப் பள்ளியில் நினைவாற்றல் என்பது புரியாமல் ஒப்பிப்பது அன்று, கற்கும் வழிகளில் ஒன்று என்பது அவர் கட்சி. மணலில் விரலால் எழுதி, வாயால் சொல்லி, காதால் கேட்டு, கண்ணால் பார்த்து, நான்கும் ஒன்றாகச் சேரும்வரை பயிற்சி. பள்ளி முடிந்தால் நேரே களத்துமேடு, கடை, கழனி. படித்த அளவை அங்கே நெல் அளக்கும் மரக்காலாகக் கண்ணெதிரே நின்றது. பொருள் புரியாமல் பாடம் செய்ய வேண்டிய தேவையே குறைவு. பொருள் வீட்டு முற்றத்தில் கொட்டிக் கிடந்தது.

இதைப் படித்துவிட்டு அந்தக் காலம் பொற்காலம் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். 1826இல் சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ தொகுத்த கணக்கின்படி மாகாணத்தில் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். மக்கள்தொகையோ ஒரு கோடியே இருபத்தெட்டு லட்சத்துக்கு மேல். மாணவர்களில் பெண்பிள்ளைகள் மிகச் சொற்பம். கழனியில் உண்மையாகவே உழைத்தவர்களின் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் திண்ணையில் இடமில்லை. மரக்காலில் நெல்லை அளந்து கொடுத்தவருக்கு அது தெரியும். கூலியாக வாங்கிப் போனவருக்குத் தெரியாது. கணக்கு அறிவதும் அறியாததும் அதிகாரத்தின் எல்லைக்கோடாக இருந்தது. கோதண்டம் போடுவது போன்ற தண்டனைகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பின்னங்கள் அழகாக இருந்தன. பள்ளி அப்படி இருக்கவில்லை.

மணல் போன வழி, வந்த வழி

பழமை, புதுமை என்று நாம் கோடு போட்டுப் பிரித்தாலும் மணல் அந்தக் கோட்டை மதிக்கவில்லை.

1789இல் சென்னை எழும்பூரில் ஆதரவற்ற ஆண்பிள்ளைகளுக்கான காப்பகத்தின் பொறுப்பை ஏற்றவர் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார். ஒருநாள் குதிரையில் போகும்போது உள்ளூர்ப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலைப் பரப்பி விரலால் எழுதுவதைப் பார்த்தார். தன் பள்ளியிலும் அதைக் கொண்டுவரச் சொன்னார். ஆசிரியர் ஒப்பவில்லை. பெல் விடவில்லை, எட்டு வயது மாணவன் ஒருவனைக் கூப்பிட்டு, சின்னப் பிள்ளைகளுக்கு மணலில் எழுதக் கற்றுக்கொடுக்கச் சொன்னார். நம் ஊர்ச் சட்டாம்பிள்ளை முறைதான். ஊர் திரும்பி 1797இல் இதைப் புத்தகமாக எழுதினார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிகளில் பரவியது. நம் திண்ணையின் மணலில் லண்டன் பிள்ளைகள் எழுத்துப் பழகினார்கள்.

1939இல் இன்னொருவர் எதிர்த்திசையில் வந்தார். பிரம்மஞான சபையின் அழைப்பில் அடையாறுக்கு வந்த மரியா மாண்டிசோரி. இரண்டாம் உலகப் போரில் இத்தாலி எதிரணியில் சேர்ந்ததால் இந்தியாவை விட்டு வெளியேற முடியாமல், போர் முடியும்வரை இங்கேயே தங்கி ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அவருடைய கற்றல் கருவிகளில் புகழ்பெற்ற ஒன்று, உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்துகளும் எண்களும். குழந்தை அந்தச் சொரசொரப்பை விரலால் தடவியே வடிவத்தைப் பழகும். அட்டையில் ஒட்டிய மணல்! சென்னையிலிருந்து போனதை ஐரோப்பா நினைவில் வைத்துத் திருப்பி அனுப்பியதாகச் சொல்ல ஆதாரமில்லை. விரல் நுனிக்குத் தெரிந்ததை இரண்டு மரபுகளும் தனித்தனியே கண்டுகொண்டன என்பதே செய்தி.

அடுத்த அலை 2003ஐ ஒட்டி சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் எழுந்தது. ஆந்திரத்தின் ரிஷிவேலிப் பள்ளியில் உருவான முறையைத் தழுவி, எம்.பி. விஜயகுமார் என்ற ஆட்சிப்பணி அதிகாரியின் முயற்சியில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், 2007-08க்குள் மாநிலம் முழுவதும் உள்ள அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குப் பரவியது. ஆசிரியரின் மேசை ஓரம் போனது. ஆசிரியர் பாயில் பிள்ளைகளோடு உட்கார்ந்தார். பிள்ளைகளின் உயரத்துக்குச் சுவரடியில் கரும்பலகை. ஏணிப்படி வரைந்த அட்டையில் தான் எந்தப் படியில் நிற்கிறோம் என்று பிள்ளையே பார்த்து, அதற்கான அட்டையை எடுத்துக்கொள்ளும். மணி கோத்து எண்ணலாம். குச்சியைப் பத்துப் பத்தாகக் கட்டலாம். முந்துகிறவன் பிந்துகிறவனுக்காகக் காத்திருக்க வேண்டாம்; பிந்துகிறவன் அடி வாங்க வேண்டாம்.

பெற்றோருக்கு ஒரு குறை மட்டும் ஆறவில்லை. "பையன் விளையாடுறான் சார், வாய்ப்பாடு தெரியல." ஊர் ஊராகக் கேட்ட குரல் இது.

கொரோனாக் காலத்தில் பள்ளிகள் மூடிக்கிடந்து பிள்ளைகள் பின்தங்கியபின் 2022 ஜூனில் வந்தது 'எண்ணும் எழுத்தும்'. எட்டு வயதுக்குள் எல்லாப் பிள்ளைகளும் பிழையின்றிப் படிக்கவும் அடிப்படைக் கணக்குப் போடவும் 2025க்குள் செய்வது அதன் இலக்காக இருந்தது. இதில் பிள்ளைகளை வகுப்பை வைத்துப் பார்ப்பதில்லை. எட்டியிருக்கும் நிலையை வைத்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கிறார்கள். மூன்றாம் வகுப்பில் இருந்தாலும் 105ஐ 1005 என்று எழுதுகிற பிள்ளை முதலில் அங்கிருந்துதான் நகர வேண்டும் என்று இந்த முறை ஒப்புக்கொள்கிறது.

அப்படி நகர்த்துவதற்கு ஓர் எளிய வழி, மாண்டிசோரி வகுப்புகளில் பார்க்கக் கிடைக்கும் இடமதிப்பு அட்டை. 100 என்று எழுதிய நீளமான அட்டை ஒன்று. 5 என்று எழுதிய சிறிய அட்டை ஒன்று. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் நம் தம்பியின் 1005. ஐந்தைத் தூக்கி நூற்றின் கடைசிப் பூச்சியத்தின் மேல் வைத்தால் 105. "நூறு எங்கேயும் போகலடா. அஞ்சுக்குக் கீழே ஒளிஞ்சிருக்கு." சொல்லி விளக்கப் பத்து நிமிடம் பிடிப்பதை அட்டை பத்து நொடியில் காட்டிவிடும். காதில் விழுந்த நூறும் ஐந்தும் இரண்டுமே பொய்யில்லை. ஒன்றின்மேல் ஒன்று உட்கார வேண்டும், அவ்வளவுதான்.

தேங்காய்க்காரப் பையன்

தம்பியின் கதை அட்டையில் முடிந்துவிடும். அக்காவின் கதைதான் சிக்கலானது. சுண்டல் கடையில் மின்னலாகக் கணக்குப் போட்ட அந்தப் பெண், வகுப்பில் 15 × 7 என்று கரும்பலகையில் எழுதினால் என்ன செய்வாள்?

பிரேசிலின் ரெசிஃபி நகரத்தில் மூன்று உளவியலாளர்கள் இதைச் சோதித்து 1985இல் வெளியிட்டார்கள். தெருவில் பொருள் விற்கும் ஐந்து பிள்ளைகளிடம் வாடிக்கையாளர்போலப் போய் விலை கேட்டார்கள். விடைகளில் 98 விழுக்காடு சரி. அதே கணக்குகளைப் பின்னர் தாளில் வெறும் எண்களாகக் கொடுத்தார்கள். சரியான விடை 37 விழுக்காடு. பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவனிடம் தேங்காய் 35 குருசேரோ. பத்துக் காய் என்ன விலை? பத்தால் பெருக்க ஒரு பூச்சியம் சேர்த்தால் போதும் என்று பள்ளி சொல்லும். அவன் மூன்று காய்க்கு 105 என்று தொடங்கி, இன்னும் மூன்றுக்கு 210, என்று ஏறிப்போய் 350ஐத் தொட்டான். (அங்கேயும் ஒரு நூற்றைந்து!) நான்கு காய்க்கு 140 என்று தெருவில் பிசகாமல் சொன்னவன், தாளில் 35 × 4ஐப் பெருக்கியபோது 200 என்று எழுதினான். நாலஞ்சு இருபது, மீதி இரண்டு என்று எடுத்து, அந்த இரண்டை முதலிலேயே மூன்றோடு கூட்டிவிட்டு அப்புறம் நான்கால் பெருக்கியிருக்கிறான். நான்கு தேங்காய் 200 என்று ஒரு வாடிக்கையாளரிடம் அவன் சொல்லியிருக்க மாட்டான். தாளில் தேங்காய் இல்லை. அதனால் விடை தப்பு என்று உறுத்த எதுவுமில்லை.

நாற்பது ஆண்டுகள் கழித்து நம் நாட்டிலேயே அது பெரிய அளவில் சோதிக்கப்பட்டது. அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்லோ உள்ளிட்ட ஆய்வாளர்கள் கொல்கத்தா, தில்லிச் சந்தைகளில் வேலை செய்யும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வு 2025இல் நேச்சர் இதழில் வந்தது. சந்தைப் பிள்ளைகள் மனக்கணக்கில் கெட்டிக்காரர்கள். பாடப்புத்தகக் கணக்கில் தடுக்கி விழுந்தார்கள். பிறகு பள்ளிப் பிள்ளைகளைச் சந்தைக் கணக்குப் போடச் சொன்னார்கள். அவர்கள் அங்கே விழுந்தார்கள். இரண்டு பக்கமும் அறிவு இருக்கிறது. நடுவில் பாலம் மட்டும் இல்லை.

கல்வி உளவியலார் ஜெரோம் புரூனர் 1960களில் இந்தப் பாலத்துக்கு மூன்று படி சொன்னார்: முதலில் கையில் பொருள், அப்புறம் கண்ணுக்குப் படம், கடைசியில் தாளில் குறி. சிங்கப்பூர் தன் கணக்குப் பாடத்தை 1980களில் இந்த மூன்று படிகளின்மேல் கட்டியது. அங்கே படிக்கும் தமிழ்ப் பிள்ளைகள் உள்பட எல்லோரும் வாழ்க்கைக் கணக்குகளைக் கட்டம் கட்டமாகப் பட்டை வரைந்துதான் பழகுகிறார்கள். சர்வதேசக் கணிதத் தேர்வுகளில் அந்த நாடு தொடர்ந்து முன்வரிசையில் நிற்கிறது.

வாய்ப்பாடு எதற்கு?

பொருளும் படமும் போதும், மனப்பாடம் எதற்கு என்று கேட்பவர்களுக்கும் ஒரு விடை உண்டு. மூளையில் ஒரே நேரத்தில் பிடித்து வைத்துக்கொண்டு வேலை செய்யக்கூடிய இடம் மிகச் சிறியது. நாலைந்து செய்திகளுக்கு மேல் அதில் கொள்ளாது. 38 × 7 போடும் பிள்ளைக்கு ஏழெட்டு ஐம்பத்தாறு என்று தானாக வராவிட்டால், அதைக் கண்டுபிடிப்பதற்குள் எதற்குக் கண்டுபிடிக்கிறோம் என்பது மறந்துபோகும். வாய்ப்பாடு நினைவிலிருந்து சட்டென்று வந்துவிட்டால் அந்தச் சின்ன இடம் யோசிப்பதற்குக் காலியாக இருக்கும். அக்காவுக்கு மட்டும் இரண்டு பதினைந்து முப்பது என்பது தானாக வந்திராவிட்டால் வரிசை அங்கேயே நின்றிருக்கும்.

மனப்பாடம் செய்யும் விதத்திலும் வேறுபாடு இருக்கிறது. படித்ததையே திரும்பத் திரும்பப் படிப்பதைவிட, புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எடுத்துச் சொல்லிப் பார்ப்பது நீண்டநாள் நிற்கும் என்று 2006இல் அமெரிக்காவில் ரோடிகரும் கார்பிக்கும் செய்த சோதனை காட்டியது. வகுப்பு முழுவதும் ஒரே குரலில் கத்தும்போது தூங்குகிற பிள்ளையும் உதட்டை அசைக்கும். தனித்தனியாகக் கேட்டு, குறுக்கே நிறுத்தி, 'ஆறேழு?' என்று திடீரென்று கேட்டால்தான் நினைவு வேலை செய்யும். திண்ணை ஆசான் ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டு ஒப்பிக்கச் சொன்னதிலும், வீட்டுக்குப் போகுமுன் மனக்கணக்கு ஒன்று கொடுத்து அனுப்பியதிலும் இந்த நுட்பம் இருந்தது. பிரம்பை எடுத்துவிட்டு நுட்பத்தை வைத்துக்கொள்ளலாம்.

தமிழில் சொற்களே இரண்டு முறைகளையும் பிரித்துக் காட்டுகின்றன. பழையது வாய்ப்பாடு, அதில் வாய் இருக்கிறது. புதியது செயல்வழி, அதில் கை இருக்கிறது. திண்ணையில் வாய்க்குத் துணையாகக் கைக்கு மணலும் மரக்காலும் இருந்தன. மரக்கால் போய் வாய் மட்டும் மிஞ்சியபோது அது வெறும் கத்தலானது. புதிய வகுப்பில் மணியும் குச்சியும் இருக்கின்றன. அவற்றிலிருந்து தாளுக்கும் நினைவுக்கும் பிள்ளையைக் கொண்டுபோய்ச் சேர்க்காவிட்டால் அது வெறும் விளையாட்டாகும். முறையின் வயதைக் கேட்பதைவிட, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் பிள்ளை போய்வர வழி இருக்கிறதா என்று கேட்பதுதான் பயனுள்ள கேள்வி.

திருவண்ணாமலையில் அந்த வழிக்குப் பஞ்சமில்லை. கிரிவலப் பாதை பதினான்கு கிலோமீட்டர். ஓர் எட்டுக்கு எழுபது சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் மலையைச் சுற்றிவர எத்தனை எட்டு? இருபதாயிரம். ஆனால் ஆறு வயதுப் பிள்ளையின் எட்டு எழுபது சென்டிமீட்டர் இருக்காது. பள்ளி வாசலில் சுண்ணாம்புக்கோடு போட்டு ஒவ்வொரு பிள்ளையும் தன் எட்டை அளக்கட்டும். ஆளுக்கொரு விடை வரும், எல்லாமே சரியாக இருக்கும். பெருக்கலும் வகுத்தலும் அளவையும் அந்த ஒரு கணக்கிலேயே அடங்கிவிடும்.

ஆசிரியர்களிடமும் பெற்றோரிடமும் கேட்டுக்கொள்ள இரண்டு விஷயங்கள் உண்டு. பிள்ளை தப்பாக எழுதினால் சிவப்பு மையைத் திறக்குமுன் "எப்படிப் போட்டே?" என்று ஒருமுறை கேளுங்கள். பாதி நேரம் அந்தத் தவறுக்குள் ஒரு நியாயம் உட்கார்ந்திருக்கும். சரியாகச் சொன்னாலும் அதையே கேளுங்கள். அக்கா இரண்டிரண்டாக ஏறியதை அவளே கரும்பலகையில் எழுதட்டும்: 2 × 15, 4 × 15, 6 × 15, அதோடு ஒரு 15. தெருவில் செய்தது பாடப்புத்தகத்தில் இருக்கும் பங்கீட்டுப் பண்புதான் என்று அவளுக்கு அன்றைக்குத் தெரிந்துவிடும். புத்தகத்தில் வருவது தனக்கு ஏற்கெனவே தெரிந்த ஒன்று என்று கண்டுகொண்ட பிள்ளை அப்புறம் கணக்குக்குப் பயப்படுவதில்லை.